லீப் நொடி வரும் நாளில் என்டிபி என்ன செய்கிறது? இரு வகை நேர சர்வர்களைக் கலந்து வைத்திருக்கிறோம்

சர்வர்_அறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தின் இயந்திரங்களில் ஒரு பகுதி சென்னையிலுள்ள சொந்தத் தரவு மையத்திலும், மற்றொரு பகுதி ஒரு கிளவுட் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தவையாகவும் இயங்குகின்றன. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான், நேரத்தைச் சரிசெய்வது க்ரோனி என்ற நிரல். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) பிறப்பித்த உத்தரவு, தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம் (என்பிஎல்) நடத்தும் என்டிபி (கணினிகள் பிணையத்தின் வழியே நேரம் பெறும் நெறிமுறை) சர்வர்களோடோ அவற்றைச் சார்ந்த சர்வர்களோடோ எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் ஒத்திசைக்கச் சொல்கிறது. அதனால் ஒவ்வொரு இயந்திரத்தின் அமைப்புக் கோப்பிலும் அந்தச் சர்வர்கள் இரண்டையும், முன்பிருந்தே இருந்த கிளவுட் நிறுவனத்தின் நேர சர்வர்கள் இரண்டையும் சேர்த்து நான்கு மூலங்களாக வைத்திருக்கிறோம். மூலங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்பதுதான் அப்போது எங்களுக்கு இருந்த எண்ணம்.

இப்போது தணிக்கைக் குழுவினர், லீப் நொடி (பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலக நேரத்தில் சேர்க்கப்படும் கூடுதல் நொடி) அறிவிக்கப்பட்டால் உங்கள் கட்டமைப்பு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை எழுத்து வடிவில் தரும்படி கேட்டுள்ளனர். கிளவுட் நிறுவனத்தின் ஆவணத்தில், தங்கள் சர்வர்கள் கூடுதல் நொடியை 24 மணி நேரத்தில் பரப்பிவிடும் என்று ஒரு வரி இருக்கிறது. அரசு சர்வர்கள் அவ்வாறு செய்வதாக எங்கும் காணவில்லை. இந்த இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் அந்த நாளில் எது வெல்லும்? கடிகாரம் 60 என்ற நொடியைக் காட்டுமா, அல்லது பின்னோக்கிப் போகுமா? பதிவுக் கோப்புகளின் வரிசை குலையுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அணுக்கடிகாரம் (பதில்)

ஐயா, மூலங்களைக் கலந்து வைத்திருப்பதைப் பற்றி மற்றவர்கள் எழுதக்கூடும் என்பதால், லீப் நொடி பற்றிய செய்தி என்டிபி நெறிமுறைக்குள் எப்படிப் பயணிக்கிறது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

1972 ஜனவரி 1 முதல் யூடிசி (உலகப் பொது நேரம்) என்பது அணுக்கடிகாரங்களின் நொடியையே தன் நொடியாகக் கொண்டு, பூமியின் சுழற்சியிலிருந்து 0.9 நொடிக்கு மேல் விலகாதவாறு அவ்வப்போது ஒரு முழு நொடியைச் சேர்த்துக்கொள்ளும் அளவையாக இருந்து வருகிறது. தொடங்கும்போதே சர்வதேச அணு நேரத்துக்கும் அதற்கும் 10 நொடி இடைவெளி. அதன்பின் 27 நொடிகள் சேர்க்கப்பட்டு இன்று இடைவெளி 37 நொடி. கடைசியாகச் சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் 31 அன்று. சேர்க்க வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது சர்வதேசப் புவிச் சுழற்சிச் சேவை. பாரிஸ் வானாய்வகத்தில் உள்ள அதன் பிரிவு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அந்த அரையாண்டின் இறுதியில் நொடி உண்டா இல்லையா என்று அறிக்கை விடுகிறது. உலகம் முழுவதும் அது ஒரே கணத்தில் நிகழ்வதால், நமக்கு ஜூலை 1 அல்லது ஜனவரி 1 காலை 5 மணி 29 நிமிடம் 60-ஆம் நொடியாக அது வரும். நள்ளிரவில் எல்லாரும் விழித்திருக்க வேண்டிய தொல்லை இந்தியாவில் இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

என்டிபி பொதி (பிணையத்தில் செல்லும் தரவுத் துண்டு) ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இரண்டு பிட் அகலமுள்ள லீப் அடையாளம் ஒன்று இருக்கிறது. இரண்டும் 0 என்றால் எச்சரிக்கை எதுவுமில்லை. 01 என்றால் நடப்பு மாதத்தின் கடைசி நிமிடத்துக்கு 61 நொடி, 10 என்றால் 59 நொடி, 11 என்றால் அந்தச் சர்வரே இன்னும் ஒத்திசைவு பெறவில்லை என்று பொருள். நெறிமுறை லீப் நொடியைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். எத்தனை நொடிகள் இதுவரை சேர்ந்துள்ளன என்பதோ, எந்தத் தேதியில் சேரப்போகிறது என்பதோ பொதியில் கிடையாது.

நேர முத்திரையைப் பொறுத்தவரை, 1900 ஜனவரி 1-இலிருந்து எண்ணப்படும் நொடிகளுக்கு 32 பிட், நொடியின் பின்னத்துக்கு 32 பிட். இந்த எண்ணிக்கை ஒவ்வொரு நாளையும் 86,400 நொடி என்றே கருதுகிறது. ஆகவே 23:59:60 என்ற நொடிக்கென்று தனி எண் அதில் இல்லை. அந்த நொடி முழுவதும் சர்வரிடம் கேட்டால், முன் நொடியின் எண்ணோ அடுத்த நொடியின் எண்ணோதான் திரும்பக் கிடைக்கும். என்டிபியை உருவாக்கிய டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ், அந்த ஒரு நொடிக்குக் கடிகாரம் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும், ஆனால் யார் படித்தாலும் முந்தைய மதிப்பைவிட மிகச் சிறிதளவேனும் கூடுதலான மதிப்பே கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். நேரம் ஒருபோதும் பின்னோக்கிப் போகாது என்பது அந்த வடிவமைப்பின் உயிர்நாடி. நடைமுறையில் நம் லினக்ஸ் அவ்வாறு செய்வதில்லை.

கெர்னல்_பித்தன் (பதில்)

மேலே உள்ளவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

லீப் அடையாளத்தைப் பெற்ற க்ரோனியோ, அதே பணியைச் செய்யும் என்டிபிடி நிரலோ தானாக எதையும் செய்துவிடுவதில்லை. 'ஒரு நொடியைச் செருகு' என்ற கொடியை கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏற்றி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கெர்னலுக்கு மாதமும் தெரியாது, அரையாண்டும் தெரியாது. கொடி ஏற்றப்பட்டிருந்தால், அன்றைய யூடிசி நாள் முடியும் கணத்தில் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். எடுத்துக்காட்டாக, 2017 ஜனவரி 1 யூடிசி பிறந்தபோது யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நொடிகள்) 1483228800. அதற்கு முந்தைய 1483228799 என்ற நொடி அன்று லினக்ஸ் இயந்திரங்களில் இருமுறை ஓடியது. எனவே உங்கள் கேள்விக்கு நேரடி விடை: சாதாரண அமைப்பில் கடிகாரம் 60-ஐக் காட்டாது, 59-ஐ இரண்டு முறை காட்டும். 59.9-இல் எழுதப்பட்ட ஒரு பதிவுக்குப் பின் 59.1-இல் எழுதப்பட்ட பதிவு வரும். இரண்டாவது 59 எது என்பதை அறிய கெர்னலிடம் தனியாகக் கேட்க ஒரு வழி உண்டு. அதைக் கேட்கும் மென்பொருள்தான் அரிது.

கொடியை ஏற்றும் நாள் தவறினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்து புரியும். உலகில் ஏதோ ஒரு மேல்நிலை சர்வர் பழைய எச்சரிக்கையை நீக்க மறந்து, அதைப் பல இயந்திரங்கள் நம்பிவிட்டால், யாரும் அறிவிக்காத லீப் நொடி ஒன்று அந்த இயந்திரங்களில் மட்டும் நிகழும். க்ரோனி இதற்காகவே ஜூன் 30, டிசம்பர் 31 ஆகிய இரண்டு நாட்களைத் தவிர மற்ற நாட்களில் மூலங்கள் தரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதில்லை. அந்த இரண்டு நாட்களிலும் ஒரே ஒரு சர்வர் சொன்னால் போதாது, பெரும்பான்மை சொல்ல வேண்டும்.

நீங்கள் தணிக்கைக்கு எழுதும்போது 2012 ஜூன் 30-ஐக் குறிப்பிடத் தவற வேண்டாம். அன்று நொடி பின்னுக்குத் தள்ளப்பட்ட செய்தி கெர்னலின் நேரங்காட்டிப் பகுதியில் ஒரு பாதிக்கு எட்டவே இல்லை. உயர்துல்லிய டைமர்கள் தம் கணக்கில் ஒரு நொடி முன்னே நின்றுவிட்டதால், ஒரு நொடிக்குக் குறைவாகத் தூங்கும்படி கேட்ட நிரல்கள் எல்லாம் தூங்காமலேயே உடனுக்குடன் எழுப்பப்பட்டன. எழுந்தவை மீண்டும் தூங்கக் கேட்டு, மீண்டும் உடனே எழுந்து, ப்ராசஸர் முழுவதையும் விழுங்கின. ஜாவா நிரல்களும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் அதிகம் பாதிக்கப்பட்டன. ரெட்டிட், லிங்க்ட்இன் போன்ற தளங்கள் தடுமாறின. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமானப் பயணிகளின் பதிவு முறை நின்றுபோய் விமானங்கள் தாமதமாயின. தீர்வு வேடிக்கையானது: இயந்திரத்தின் தேதியை அதே தேதிக்கே மறுபடி ஒருமுறை அமைத்தால் போதும், டைமர்கள் தம் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அந்தப் பிழை எப்போதோ திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் நிரல்வரிகளில் பிழை எவ்வளவு காலம் பதுங்கியிருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த அச்சத்திலிருந்துதான், நொடியைச் செருகவே வேண்டாம், கரைத்துவிடுவோம் என்ற எண்ணம் பெரிய நிறுவனங்களில் வேரூன்றியது.

நேரக்கோல் (பதில்)

உங்கள் நான்கு மூலங்களைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் நான் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், இப்போதுள்ள அமைப்பில் எந்தத் தரப்பும் வெல்லாது. அதுதான் சிக்கல்.

ஸ்மியர் எனப்படும் பரப்பும் முறையைப் பொதுவெளியில் முதலில் விவரித்தது கூகுள், 2011-இல். தொடக்கத்தில் பரப்பும் காலமும் வடிவமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறாக இருந்தன. இன்று கூகுளும் அமேசானும் கடைப்பிடிப்பது ஒன்றே: லீப் நொடிக்கு முந்தைய யூடிசி நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை, 24 மணி நேரத்துக்குச் சீராக. நம் நேரப்படி மாலை 5:30-இலிருந்து மறுநாள் மாலை 5:30 வரை. அந்தக் காலம் முழுவதும் அவர்களுடைய ஒவ்வொரு நொடியும் உண்மையான நொடியைவிடப் பத்து லட்சத்தில் சுமார் 11.6 பங்கு நீளமாக இருக்கும். தனியொரு கடிகாரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. சாதாரண மதர்போர்டின் படிகத்தில் தயாரிப்பாலும் வெப்பத்தாலும் வரும் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். எனவே அந்தச் சர்வர்களை மட்டும் பின்பற்றும் இயந்திரம் எதையும் உணராமல் அந்த நாளைக் கடந்துவிடும். லீப் அடையாளத்தையும் அவை 00 என்றே அனுப்பும், ஏனெனில் அவற்றின் உலகில் லீப் நொடி என்ற ஒன்று நிகழ்வதே இல்லை.

இப்போது யூடிசியை அப்படியே தரும் இரண்டு சர்வர்களைப் பக்கத்தில் வையுங்கள். மாலை 5:30-க்கு நான்கும் ஒத்துப்போகும். 15 நிமிடம் கழிவதற்குள் இரு அணிகளுக்கும் இடையே 10 மில்லி நொடி வேறுபாடு வந்துவிடும். இரவு 11:30-க்கு கால் நொடி. விடியற்காலை 5:30-ஐ நெருங்கும்போது பரப்பும் அணி அரை நொடி பின்தங்கியிருக்கும். அந்தக் கணத்தில் யூடிசி அணி ஒரு நொடி பின்னுக்கு வர, பரப்பும் அணி சட்டென அரை நொடி முன்னே இருப்பதாகத் தோன்றும். பிறகு அந்த அரை நொடி மாலைக்குள் மெல்லக் கரையும்.

க்ரோனி ஒவ்வொரு மூலத்துக்கும் 'உண்மை நேரம் இந்த எல்லைக்குள் இருக்கும்' என்று ஒரு இடைவெளியைக் கணக்கிட்டு, எந்த இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அவற்றையே மெய்யானவை என்று ஏற்கிறது. ஏற்கப்படும் அணி மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் பாதிக்கு மேல் யாருமில்லை. பெரும்பான்மை இல்லாததால் ஒத்திசைக்க இயலவில்லை என்று பதிவில் எழுதிவிட்டு, நான்கையும் கைவிட்டு, கடிகாரத்தைத் தன்போக்கில் ஓட விடும். வேறுபாடு எத்தனையாவது நிமிடத்தில் அந்த எல்லையைத் தாண்டும் என்பது ஒவ்வொரு இயந்திரத்தின் பிணையத் தாமதத்தையும் பொறுத்தது. ஆகவே உங்கள் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிடவும் மாட்டா, ஒரே திசையில் விலகவும் மாட்டா. லீப் எச்சரிக்கைக்கும் இதே கதிதான்: இரண்டு மூலங்கள் 'உண்டு' என்னும், இரண்டு 'இல்லை' என்னும்.

மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பான்மை கிடைக்குமே என்று தோன்றலாம். அந்த மூன்றில் ஒன்று அன்று பதில் தராவிட்டாலும் இரண்டுக்கு ஒன்று என்று தப்பிவிடலாம். இரண்டு பதில் தராவிட்டால் பழைய கதையே. அதைவிட, வேறு வகை மூலத்தை எடுத்துவிடுவதே நேரான வழி. கூகுளே தன் நேரச் சேவையின் ஆவணத்தில், பரப்பும் சர்வர்களையும் பரப்பாத சர்வர்களையும் ஒரே இயந்திரத்தில் சேர்க்க வேண்டாம் என்று எழுதி வைத்துள்ளது.

உங்கள் உத்தரவைப் பற்றியும் ஒரு சொல். பல நாடுகளில் கட்டமைப்பு வைத்திருப்போர் துல்லியமான வேறு மூலங்களையும் பயன்படுத்தலாம் என்று அது இடம் தருகிறது; ஆனால் அந்த மூலத்தின் நேரம் என்பிஎல், என்ஐசி நேரத்திலிருந்து விலகக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. பரப்பும் சர்வர் அந்த ஒரு நாளில் அரை நொடி வரை விலகியே தீரும். அதைத் தணிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்பதை அவரிடமே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது.

விடைகொடு_நொடியே (பதில்)

நண்பர்களே, இவ்வளவு கவலை தேவையா? 2016-க்குப் பின் ஒரு லீப் நொடிகூட வரவில்லை. 1972 முதல் பார்த்தால், 1998 இறுதிக்கும் 2005 இறுதிக்கும் இடையே இருந்த ஏழு ஆண்டுகள்தான் அதற்கு முன்பிருந்த மிக நீண்ட இடைவெளி. இப்போது அதையும் தாண்டிவிட்டோம். மேலும் 2022 நவம்பரில் எடைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு, 2035-க்குள் இந்த 0.9 நொடி எல்லையைப் பெரிதாக்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டது. 2023-இல் துபாயில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடும் அதை ஏற்றுக்கொண்டது. தணிக்கைக்கு 'இனி வராது' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

அணுக்கடிகாரம் (பதில்)

மேற்கண்ட கருத்தை ஏற்க இயலவில்லை. தீர்மானம் சொல்வது, எல்லையை 2035-இலோ அதற்கு முன்போ பெரிதாக்க வேண்டும் என்பதை மட்டுமே. அதுவரை இன்றைய விதி நடைமுறையில் இருக்கிறது, அரையாண்டு அறிக்கையும் தொடர்ந்து வருகிறது.

லீப் நொடி வராமல் போனதற்கான காரணம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. 2020 முதல் பூமியின் சுழற்சி சற்று விரைந்திருக்கிறது. 2024 ஜூலை 5 அன்று நாளின் நீளம் 86,400 நொடியைவிட 1.66 மில்லி நொடி குறைவாக இருந்தது. இந்தப் போக்கு நீடித்தால், சேர்ப்பதற்கு மாறாக ஒரு நொடியை நீக்க வேண்டிவரும்: 23:59:58-க்குப் பின் நேராக 00:00:00. 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் டங்கன் ஆக்னியூ எழுதிய கட்டுரை, துருவப் பனி உருகி நீர் நிலநடுக்கோட்டை நோக்கிப் பரவுவதால் சுழற்சி சற்றே தணிந்து, அந்தத் தேவை 2029 வாக்கில்தான் எழும் என்று கணித்தது. அது வராமலும் போகலாம். ஆனால் வரலாற்றில் இதுவரை நிகழ்ந்த 27-உம் சேர்த்தவையே. லீப் அடையாளத்தில் 10 என்ற மதிப்பு எந்த உண்மையான நாளிலும் உலகம் முழுவதும் சுற்றி வந்ததில்லை. பல முறை ஓடிய 'சேர்க்கும்' வழியிலேயே 2012-இல் அப்படியொரு பிழை இருந்தது என்றால், ஒருமுறையும் ஓடாத 'நீக்கும்' வழியை எந்த அளவுக்கு நம்புவது? மெட்டா நிறுவனத்தின் பொறியாளர்கள் 2022-இல் லீப் நொடியையே ஒழிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியபோது இந்த அச்சத்தையும் குறிப்பிட்டார்கள்.

நிரல்_நெசவு (பதில்)

சர்வர் நிர்வாகிகளின் உரையாடலில் நிரல் எழுதுபவன் ஒருவன் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவரின் கடைசிக் கேள்வி பதிவுகளின் வரிசையைப் பற்றியது. அதற்கு என்டிபியில் விடை இல்லை, நிரலில்தான் இருக்கிறது.

2017 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும்) சர்வர்கள் சிலவற்றில் ஏற்பட்ட பிழையை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். மேல்நிலை சர்வர்கள் பதில் தர எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதை அளக்க, கேட்கும் முன் ஒருமுறையும் பதில் வந்தபின் ஒருமுறையும் கடிகாரத்தைப் படித்துக் கழித்தார்கள். இடையில் கடிகாரம் ஒரு நொடி பின்வாங்கியதால் கழித்தலின் விடை எதிர்மறையானது. எந்தச் சர்வரைத் தேர்வது என்று குலுக்கல் போடும் நிரல்வரி அந்த எண்ணிலிருந்து பெற்ற மதிப்பை எடுத்துக்கொண்டது. கோ என்ற நிரல்மொழியின் அந்தக் குலுக்கல் சார்பு எதிர்மறை எண்ணைக் கண்டால் நிரலையே நிறுத்திவிடும். மதிப்பு சுழியமா என்று பார்த்த ஒரு வரியை, சுழியமோ அதற்குக் குறைவோ என்று மாற்றியதுதான் திருத்தம். அதே ஆண்டில் வெளிவந்த கோ 1.9 பதிப்பிலிருந்து, நேரத்தைப் படிக்கும் சார்பு சுவர்க் கடிகாரத்தோடு ஒருபோக்குக் கடிகாரத்தின் மதிப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது.

ஒருபோக்குக் கடிகாரம் என்பது இயந்திரம் தொடங்கியதிலிருந்து முன்னோக்கி மட்டுமே ஓடும் எண்ணிக்கை. லீப் நொடி அதைத் தொடாது. காலக்கெடு, காத்திருப்பு, மறுமுயற்சி, பூட்டின் ஆயுள், அளவீடு ஆகிய எல்லாவற்றையும் அதைக் கொண்டே எழுத வேண்டும். 'இன்று என்ன தேதி, மணி என்ன' என்ற கேள்விக்கு மட்டுமே சுவர்க் கடிகாரம். உங்கள் நிரலாளர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கடைப்பிடித்திருந்தால், கடிகாரம் குதித்தாலும் கரைந்தாலும் பயன்பாடுகளுக்குப் பெரிய கேடு வராது.

பதிவுகளைப் பொறுத்தவரை, ஒரே இயந்திரத்துக்குள் வரிசை முக்கியம் என்றால் ஒவ்வொரு பதிவோடும் ஏறுவரிசை எண் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். பல இயந்திரங்களின் பதிவுகளை நேரத்தால் மட்டும் கோத்து, எது முன் எது பின் என்று முடிவு செய்வது சாதாரண நாளிலேயே மில்லி நொடிக் கணக்கில் பிழைபடக்கூடிய வேலை. லீப் நாளில், உங்கள் தரவு மையம் குதித்து, கிளவுட் இயந்திரங்கள் கரைத்தால், பதில் கேள்விக்கு முன்பே வந்துவிட்டதாகப் பதிவுகள் அரை நொடி வரை பொய் சொல்லும்.

இன்னொன்று: கெர்னலைச் சர்வதேச அணு நேரத்திலேயே ஓட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். கொள்கையளவில் அது சரி. ஜிபிஎஸ் கடிகாரங்கள் 1980 முதல் லீப் நொடி இல்லாமல்தான் ஓடுகின்றன, யூடிசியைவிட இன்று 18 நொடி முன்னே; மைக்ரோ நொடித் துல்லியம் வேண்டிய இடங்களில் பயன்படும் பிடிபி நெறிமுறையும் அணு நேரத்தை அனுப்பிவிட்டு, யூடிசிக்கான வேறுபாட்டைத் தனி எண்ணாகத் தருகிறது. ஆனால் ஒரு நாள் என்றால் 86,400 நொடி என்று நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் அனைத்தையும் திருத்தும் வரை ஒரு சாதாரண நிறுவனத்துக்கு அது பகல் கனவு.

சர்வர்_அறை

மிக்க நன்றி. எங்கள் நான்கு மூலங்கள் பாதுகாப்புக்குப் பதிலாகச் சமநிலைத் தோல்வியைத்தான் உறுதி செய்திருக்கின்றன என்பது இப்போது விளங்குகிறது. அப்படியானால் தரவு மையத்தில் எங்களுக்கென்று மூன்று நேர சர்வர்களை நிறுவி, அவை அரசு சர்வர்களை மட்டும் பின்பற்றவும், கிளவுட் இயந்திரங்கள் உட்பட மற்ற எல்லாம் அந்த மூன்றை மட்டும் பின்பற்றவும் அமைத்தால் சரியாகுமா? அந்த மூன்றும் நொடியைக் குதிக்க விடுவதா, கரைப்பதா? அறிவிப்பு வராத நிலையில் இதை எப்படிச் சோதிப்பது?

நேரக்கோல் (பதில்)

அந்த அமைப்பு சரியானதே. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து நேரம் பெற்றால், குதிப்பதா கரைப்பதா என்ற முடிவை அந்த மூன்று இயந்திரங்களில் மட்டும் எடுத்தால் போதும்.

கரைப்பது என்று முடிவு செய்தால், அந்த மூன்றிலும் க்ரோனியின் லீப் முறையை மெதுவாகத் திருத்தும் முறைக்கு மாற்றி, கீழுள்ளவர்களுக்குத் தரும் நேரத்தை லீப் நொடிக்கு மட்டும் சீராக்கும் தேர்வையும் சேர்க்க வேண்டும். மூன்றிலும் அமைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கீழுள்ள இயந்திரங்கள் வெளியிலிருந்து ஒரு மூலத்தைக்கூட வைத்திருக்கக் கூடாது. க்ரோனி கரைக்கத் தொடங்குவது லீப் கணத்திலிருந்துதான், கூகுளைப் போல முந்தைய நண்பகலிலிருந்து அல்ல. ஆகவே தொடக்கத்தில் உங்கள் விலகல் அரை நொடிக்குப் பதில் முழு நொடியாக இருக்கும். செர்ட்-இன் உத்தரவு உங்களுக்கு முதன்மை என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் குதிக்கவே விடுவேன். ஞாயிறோ வேலை நாளோ, காலை 5:30 மணிக்கு ஒரே ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் சிக்கல், ஒரு நாள் முழுக்க நேரம் சற்றே பொய்யாக இருக்கும் சிக்கலைவிட விளக்குவதற்கு எளிது. கிளவுட் நிறுவனமே நடத்தும் தரவுத்தளச் சேவைகள் மட்டும் அவர்களுடைய கரைக்கும் நேரத்திலேயே இருக்கும்; அதை மாற்ற உங்களால் முடியாது, ஆவணத்தில் அப்படியே எழுதிவிடுங்கள்.

கெர்னல்_பித்தன் (பதில்)

சோதிப்பது கடினமில்லை. வெளித்தொடர்பு இல்லாத மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் க்ரோனியை நிறுத்திவிட்டு (நிறுத்தாவிட்டால் நீங்கள் ஏற்றும் கொடியை அது இறக்கிவிடும்), கடிகாரத்தைக் காலை 5:28-க்கு வைத்து, கெர்னலில் செருகும் கொடியை ஏற்றி, உங்கள் பயன்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது 5:30-ஐக் கடக்க விடுங்கள். பிறகு நீக்கும் கொடியோடும் அதையே செய்யுங்கள். அது யாரும் செய்து பார்க்காத சோதனை என்பதால் அதில்தான் புதிய பிழைகள் அகப்படும்.

அந்த மூன்று சர்வர்களிலும் மேல்நிலையின் எச்சரிக்கையை மட்டும் நம்பாமல், லீப் நொடிப் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். க்ரோனி அதை நேர மண்டலத் தரவிலுள்ள 'ரைட்/யூடிசி' என்ற மண்டலத்திலிருந்து படிக்கும். புதிய பதிப்புகள் பட்டியல் கோப்பையே நேரடியாகப் படிக்கும். சில லினக்ஸ் வெளியீடுகளில் அந்த மண்டலக் கோப்பு தனித் தொகுப்புக்குப் போய்விட்டது. அது இல்லையென்றால் க்ரோனி தொடங்கும்போது ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாகிவிடும், யாரும் கவனிப்பதில்லை. கோப்பு மெய்யா என்று பார்க்க, 2012 ஜூன் 30-இல் லீப் நொடி இருக்கிறதா, அதே ஆண்டு டிசம்பர் 31-இல் இல்லாமல் இருக்கிறதா என்றுதான் அது சோதிக்கிறது. பட்டியல் கோப்பாக வைத்தால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு, ஜூன் 28 அல்லது டிசம்பர் 28. உங்கள் கண்காணிப்பு முறையில் அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடுங்கள்.